கையெழுத்துக்குக் கீழே இருந்த வரி

சோலைக்கண்ணுவுக்கு முதலில் துரோகம் செய்தவன் தவசிலிங்கம். பிறகு செய்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்துப் பழகிக்கொண்டவர்கள்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குக் கல்வண்டிகளை இழுத்துப் போகும் சின்ன ரயில் பாதை வெள்ளைக்கல்பட்டிச் சாலையைக் குறுக்கே கடக்கிற இடத்தில், அவர்கள் இரண்டு பேரும் ஒரே கேட்டுக்கு முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருத்தன் கேட்டுச் சாவியை அடுத்தவன் கையில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது ஆலையின் விதி. அன்றைக்கு இரண்டு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போதே தவசிலிங்கம் கேட்டைத் தூக்கினபடி விட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். சோலைக்கண்ணு தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தபோது கல்வண்டி நடுச்சாலையில் நின்றிருந்தது, பால்காரர் அய்யாவு தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் செத்துக் கிடந்தார், அவருடைய சைக்கிள் மறுபக்கம் கிடந்தது, பால் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. விசாரணையில் தவசிலிங்கம் முதலில் பேசினான், நன்றாகப் பேசினான், சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனேன் என்று சொல்லும்போது அழவும் செய்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன சோலைக்கண்ணுவுக்குக் கோபம் வந்த அளவுக்குப் பேச்சு வரவில்லை. வேலை போனது. அதற்குப் பதிலாக ஒரு பேர் வந்தது. குழாயை மூடாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற பிள்ளையைக் கூட, "ஏன், நீ என்ன சோலைக்கண்ணு வம்சமா?" என்றுதான் அந்த ஊர்த் தாய்மார்கள் வைதார்கள்.

நன்றாகப் பேசுகிறவனை ஊர் சும்மா விடாது என்பதால் தவசிலிங்கம் காலப்போக்கில் பேரூராட்சித் தலைவர் ஆனான். ஆனவன் செய்த முதல் காரியம், பழைய கூட்டாளி என்று சொல்லி, எல்லார் முன்னாலும் சோலைக்கண்ணுவைக் கூப்பிட்டு அலுவலகத்துக் காவலாளி வேலையைக் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்ல வயிறு விடவில்லை. தலைவர் அறைக்கு நேர் எதிரே ஒரு ஸ்டூல் போட்டார்கள். அன்றிலிருந்து சோலைக்கண்ணு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தனக்கு வரவேண்டிய ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். கேட்டைத் திறந்துபோட்டவன் நான்தான் என்று நாலு பேர் கேட்க அவன் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், ஒரு வார்த்தை குறையவும் கூடாது.

அந்த அலுவலகத்தில் கிளார்க் தீனதயாளன் வைத்ததுதான் சட்டம். தலைவர் கையெழுத்து இல்லாமல் ஒரு குண்டூசி கூட உள்ளே வராது, தலைவர் கையெழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி கூட இருக்கக் கூடாது. முன்பு எப்போதோ யாரோ ஒருவர் கையெழுத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் தன் மச்சானுக்குக் குடிநீர் இணைப்பு எழுதிச் சேர்த்துக்கொண்டதிலிருந்து, தீனதயாளன் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து முடிகிற இடத்துக்குக் கீழே உள்ள பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார். அந்தத் துண்டுகளைச் சாயங்காலம் எரிப்பது சோலைக்கண்ணுவின் வேலை. அவர் எரிக்கவில்லை. தவசிலிங்கத்துடைய கையெழுத்துக்குக் கீழே எப்போதும் ஏதோ ஒன்று மறைந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியதால் ஒவ்வொன்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். டின் நிறைந்ததும் இன்னொரு டின் வாங்கினார்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் வைரஸ் வந்து படுத்துவிட்டது. யாரோ கொண்டுவந்த பென் டிரைவால் வந்த வினை என்பதால் இனி எந்தப் பென் டிரைவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு மாவட்டத் தலைநகரிலிருந்து எஸ்தர் என்ற பெண்ணை வரவழைத்தார்கள். முப்பது வயதிருக்கும், தலையில் ஹெல்மெட்டின் அடையாளத்தோடேயே எப்போதும் இருக்கிறவள், பேச்சை விட வேலை அதிகம். பழையதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் போடலாம் என்று அவள் சொன்னாள். லினக்ஸை வட்டிலிருந்து போட்டுவிடலாம், பிறகு இந்த அலுவலகத்துக்கு ஏற்றபடி பிறப்பு, இறப்பு, குடிநீர், தெருவிளக்கு எல்லாவற்றையும் அமைத்துக் கொடுக்க நான் எழுதிய ஸ்க்ரிப்ட் ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு வரிசையாகச் சொல்லும் கட்டளைகள், அதை ஓட்டினால் பத்து நிமிஷம் என்றாள்.

"அது எதுல இருக்கு?" என்றார் தீனதயாளன்.

"பென் டிரைவில சார்."

"அப்ப வெளிய வச்சிரும்மா. பிரின்ட் எடுத்துக் குடு. தலைவர் ஒப்புதல் ஆனதும் நானே பாத்து டைப் அடிக்கேன்."

"சார், இது இங்கிலீஷ்ல இருக்கிற கட்டளை. இதுல தலைவர் என்னத்தப் பாத்து ஒப்புதல் குடுப்பாரு?"

"பாக்க மாட்டாரு. கையெழுத்துப் போடுவாரு. ரெண்டும் வேற வேறம்மா."

அப்படியே நடந்தது. நான்கு தாள்கள். தவசிலிங்கம் கடைசித் தாளில் கீழே இடம் போதாமல் கடைசி வரிக்கு மேலேயே தன் கையெழுத்தை இழுத்துவிட்டான். தீனதயாளன் வழக்கம்போல அதற்குக் கீழே இருந்ததை வெட்டி எறிந்தார். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து, ஒற்றை விரலால், ஒப்புதலான தாளில் உள்ளதை உள்ளபடி டைப் அடித்தார். அப்படி ஒரு நேர்மையோடு அந்த ஊரில் எந்தத் தப்பும் அதற்கு முன்பு நடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில், ஆலைச் சங்கு ஊதி அடங்கின நேரத்தில், எஸ்தர் ஸ்க்ரிப்டை ஓட விட்டாள். அது பாதியில் நின்று, நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் தொடரமைப்புப் பிழை, எதிர்பாராமல் கோப்பு முடிந்துவிட்டது என்றது. எஸ்தர் கோப்பைத் திறந்து எண்ணினாள். அதில் இருந்தவை நூற்றுப் பதினொரு வரிகள்.

அந்த நிமிஷத்திலிருந்து வெள்ளைக்கல்பட்டியில், திறந்த எதுவும் மூடவில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் சோலைக்கண்ணுதான். சாப்பாட்டு நேரத்துக்காக அலுவலகத்து முன்கதவைச் சாத்தினார், அது மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார், மறுபடி திறந்துகொண்டது. கல்லை முட்டுக் கொடுத்தார், கல் நகர்ந்தது. எதிரே டீக்கடையில் செல்லக்கனி சர்க்கரை டின்னின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள், அது உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, கடைசியில் எழுந்தே நின்றது. சாலையில் குடை பிடித்துப் போனவர் நிழலுக்கு வந்ததும் குடையை மடக்கப் பார்த்தார், முடியாமல் அதை விரித்தபடியே கடைக்குள் நுழைந்து பக்கவாட்டில் உட்கார்ந்தார். அரைமணி நேரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மூடியிருந்தது மூடியே இருக்கிறது, திறந்தால் போச்சு. கண்ணிமையும் வாயும் மட்டும்தான் மனிதர் சொன்னபடி கேட்டன. முதல் கதவைச் சாத்தப் பார்த்தது யார் கை என்பதும் அதே அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

"அந்தக் கை பட்டா எது மூடும்?" என்றார் குடைக்காரர்.

"விட்ட குறை தொட்ட குறைன்னு ஏதாச்சும் இருக்கும்யா, அன்னைக்கு ஒரு கேட்டு, இன்னைக்கு ஊரே," என்றார் இன்னொருவர்.

செல்லக்கனி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, புருஷன் ஆலைப் புகையில் போய்ச் சேர்ந்துவிட்டான், அவள் ஒருநாளும் சோலைக்கண்ணுவிடம் அந்தக் கேட்டுக் கதையைச் சொல்லிக் காட்டியதில்லை. "அண்ணாச்சி, டீ ஆறுது," என்பாள், அவ்வளவுதான். அன்றைக்கு அப்படிச் சொல்லிக்கொண்டே அருவாமனையில் வெங்காயம் அரிந்தவள் இடதுகை உள்ளங்கையில் ஒரு கீறல் போட்டுக்கொண்டாள். சின்னக் கீறல். துணி சுற்றினாள்.

ஊர் அதை வாங்கிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தக் கஷ்டத்தையும் மூன்றாம் நாளில் வழக்கமாக்கிக்கொள்ளும் ஊர் அது. தண்ணீர்க் குழாய்கள் திறந்தபடி ஓடி, மேல்நிலைத் தொட்டி வற்றி, பிறகு காற்றை மட்டும் விட்டுக்கொண்டிருந்தன; பெண்கள் மூடிக்கிடந்த ஒரே ஒரு அடிபம்பிடம் போய் வரிசையில் நின்றார்கள். வீட்டுக் கதவுகள் திறந்தே கிடந்ததால் ஆலையின் வெள்ளைத்தூள் உள்ளே வந்து சோற்றின் மேலும் சாமிபடத்தின் மேலும் தூங்குகிறவர்களின் புருவத்தின் மேலும் உட்கார்ந்தது, ஆடுகள் வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டன. புருஷன் பெண்டாட்டி சண்டைகள் கிசுகிசுப்பாக நடந்து, கிசுகிசுப்பில் கோபம் நிற்காததால் பாதியில் நின்றுபோயின. அம்மன் கோயில் பூசாரி கருவறைத் திரையை இழுக்க முடியாமல், "தாயே, கொஞ்ச நாளைக்குக் கண்ணு முழிச்சிருக்கணும்," என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்வையில் படும் அம்மனைக் கும்பிட்டுக் கும்பிட்டுக் கை ஓய்ந்து, அந்தத் தெருவையே விட்டு விலகி நடந்தார்கள், அம்மன் தனியாக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்காரர்கள் ஊர் எல்லைக்கு வெளியிலேயே ஆளை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். தபால்காரர் கொண்டுவந்த கடிதங்களை யாரும் பிரிக்கவில்லை. ஒரு வீட்டில் கல்யாணப்பட்டு வைத்த டிரங்குப் பெட்டி, ஒரு வீட்டில் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பார்சல், ஒரு வீட்டில் பிரசவ அறையின் கதவு என்று ஒவ்வொருவரிடமும் திறக்கக் கூடாத ஒன்று இருந்தது, அதைச் சுற்றி அவர்கள் மெதுவாக நடந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் நலம் விசாரிக்கும்போது, "சாப்டாச்சா?" என்பதை விட்டுவிட்டு, "எதையும் தொறந்துறலையே?" என்று கேட்டார்கள்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டவர்கள் நாலாம் நாள் கொஞ்சம் ஆடிப்போனார்கள். சுரங்கத்தில் கல் உடைத்த சங்கிலி என்ற கிழவர் செத்துப்போனார். குழி வெட்டி இறக்கினார்கள், மண்ணைத் தள்ளினார்கள், தள்ளின மண் இரண்டு பக்கமும் ஏறி வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. மூன்று முறை தள்ளிப் பார்த்துவிட்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு அவருடைய மகன்களும் மருமகன்களும் முறைபோட்டுக்கொண்டு, மடக்க முடியாத குடைகளோடு குழியின் கரையில் உட்கார்ந்து, உள்ளே வெள்ளைத்தூள் மூடி வரும் தகப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர் ஊருக்குத் திரும்பவில்லை. பாதி போட்ட லினக்ஸை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றாள். பழையது அழிந்துவிட்டது, புதியது வரவில்லை, நடுவில் நின்ற அந்த மெஷின் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோட்டை மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் அலுவலகத்து வராந்தாவில் தாள்களைப் பரப்பி, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். தீனதயாளன் அடித்தது தாளோடு ஓரெழுத்து மாறாமல் பொருந்தியது, அதனால் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது.

அந்த நாலாம் நாள் மத்தியானம் சோலைக்கண்ணு கேட்டார், "என்ன தாயி, ஏதும் புடிபட்டுச்சா?"

"எது இல்லைன்னு புடிபட்டிருச்சு ஐயா. எங்க போச்சுன்னுதான் தெரியல." அவள் தாளைக் காட்டினாள். "இந்தா, இந்த ரெண்டெழுத்து வருது பாருங்க. இது வந்தா ஒரு கதவு தொறக்குதுன்னு வச்சுக்கங்க. இப்படி இருந்தா இதைச் செய், இல்லாட்டி விடுன்னு அர்த்தம். அதே ரெண்டெழுத்தைத் திருப்பிப் போட்டிருக்கு பாருங்க, இது வந்தா அந்தக் கதவு மூடுது. எத்தனை தொறக்குதோ அத்தனை மூடணும். ஒண்ணு மூடாம விட்டா, மெஷின் கடைசி வரைக்கும் காத்துக்கிட்டே இருந்துட்டு, கோப்பு முடிஞ்ச பிறகும் இன்னும் ஒரு வரி வரும்னு தேடும். அதான் இல்லாத வரியில பிழைன்னு சொல்லுது."

சோலைக்கண்ணுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பதினாலு வருஷம் கேட்டைத் தூக்கினதையும் இறக்கினதையும் எண்ணி நோட்டில் கோடு போட்டவர். விரலை வைத்து நான்கு தாளையும் எண்ணினார். திறந்தவை பன்னிரண்டு, மூடினவை பதினொன்று.

"ஒண்ணு பாக்கி," என்றார்.

"அதே. நான் எழுதினப்ப இருந்துச்சு, சத்தியமா இருந்துச்சு. இப்ப நானே அடிச்சுச் சேக்கேன், நிக்க மாட்டேங்குது." அவள் கீபோர்டில் அந்த இரண்டு எழுத்தை அடித்துக் காட்டினாள். அவை கொஞ்ச நேரம் திரையில் நின்றன. பிறகு, சாத்தின கதவு திரும்பித் திறப்பதுபோல, மெல்ல விலகிப் போயின. எதுவும் மூடாத ஊரில் அந்த மூடல் மட்டும் எப்படி நிற்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். "கிளார்க் சார் சொல்றாரு, ஒப்புதலான தாள்ல இருந்தாத்தான் இந்த ஆபீஸ்ல எதுவும் நிக்குமாம். சிரிச்சேன். இப்ப அது நெசமோன்னு தோணுது."

உள்ளேயிருந்து தீனதயாளன், "தாள்ல விட்டுப்போச்சுன்னா அதுக்கும் வழி இருக்கு," என்றார். "விட்டுப்போனதை ஒட்டி, இது என்னால விட்டுப்போச்சுன்னு பொறுப்பானவங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டாச் செல்லும். ஆனா விட்டுப்போகல. தலைவர் கையெழுத்துக்குக் கீழே எதுவும் இருந்ததில்லை." அப்படிச் சொன்னபோது அவர் குரல் லேசாக மாறியது. கத்தரிக்கோலை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டார், இழுப்பறை திரும்ப வெளியே வந்தது.

சோலைக்கண்ணு எழுந்து தன் பிஸ்கட் டின்னிடம் போனார். அன்று மேலாகக் கிடந்த துண்டை எடுத்தார். அதில் ஒரே ஒரு வரி, இரண்டே எழுத்து, திருப்பிப் போட்டவை. துண்டின் மேல் ஓரத்தில் கத்தரிக்கோல் அறுத்துவிட்ட கையெழுத்தின் வால் நீல மையில் வளைந்து கிடந்தது. அந்த வாலைப் பார்த்ததும் பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. மறுபடியும் அவன்தான். திறந்துவிட்டு, மூடாமல், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவன் மறுபடியும் அவன்தான், இந்தத் தடவை அதற்குத் தாள் சாட்சி. இதை எஸ்தர் கையில் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், தீனதயாளன் எதையாவது சொல்லி மழுப்புவார், தவசிலிங்கம் நன்றாகப் பேசுவான். அவர் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். செல்லக்கனி டீ கொண்டுவந்தாள். கையில் சுற்றின துணி சிவப்பாக இருந்தது.

"இன்னும் நிக்கலையா தாயி?"

"கொஞ்சமாத்தான் அண்ணாச்சி. சொட்டுச் சொட்டா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நாளைக்குப் பார்க்கலாம் என்று சோலைக்கண்ணு நினைத்துக்கொண்டார். மறுநாளும் அதையே நினைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் காலையில் அவர் தவசிலிங்கத்தின் வீட்டுக்குப் போனார். பத்தொன்பது வருஷமாக அந்த வாசலில் கால் வைத்ததில்லை. கதவு விரியத் திறந்திருந்தது, எட்டு ஜன்னலும் திறந்திருந்தன, நடுக்கூடத்தில் சாய்வு நாற்காலியில் தவசிலிங்கம் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, தெருவில் போகிற யாரும் பார்க்கும்படி, கடைச்சாமான் மாதிரி உட்கார்ந்திருந்தான். சாயப்புட்டியைத் திறக்கப் பயந்து ஒரு வாரமாகச் சாயம் போடாததால் தலைமுடி வேரில் வெள்ளை ஏறியிருந்தது.

"வா சோலை. வர்றதுக்கு என்ன தடை இருக்கு இப்ப."

சோலைக்கண்ணு துண்டை நீட்டினார். தவசிலிங்கம் படிக்கவில்லை, மேல் ஓரத்திலிருந்த நீல வாலைத்தான் பார்த்தான்.

"என்ன எழுதணும்?"

"ரெண்டு எழுதணும். இந்த வரி என் கையெழுத்தால விட்டுப்போச்சுன்னு ஒண்ணு. அன்னைக்குக் கேட்டைத் தொறந்து போட்டுட்டுப் போனது நான்தான்னு ஒண்ணு. ஊரைக் கூட்டி, வாசிச்சுக் காட்டிட்டுக் கையெழுத்துப் போடணும்."

"முதல்தை எழுதினாலே ரெண்டாவதை ஊரு தானா படிச்சுக்கிடுமேய்யா. அதுக்குத்தானே வந்திருக்க."

"ஆமா. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

தவசிலிங்கம் தெருவைப் பார்த்தான். அங்கே ஒரு ஆடு மட்டும் நின்றது. "அன்னைக்கு என் பொண்டாட்டிக்கு வலி எடுத்திருச்சு சோலை," என்றான் தாழ்ந்த குரலில். "ஆளு வந்து சொன்னான். ஓடிட்டேன். கேட்டு ஞாபகமே இல்ல. அதுக்குப் பிறகு, உள்ளதைச் சொன்னா அந்தப் பிள்ளை பொறந்த நாளுக்கு ஒரு சாவு ஒட்டிக்கிடுமேன்னு பயந்தேன்."

"அதுக்கு என் பேர்ல ஒட்டிட்ட."

"ஒட்டிட்டேன்."

காத்திருந்த வாக்கியம் வந்தேவிட்டது. ஆனால் அதைக் கேட்டவர்கள் அவரும் அந்த ஆடும்தான். சோலைக்கண்ணுவுக்கு அது போதவில்லை. "இதை அங்க வந்து சொல்லு லிங்கம்," என்றார்.

"சொல்றேன். ரெண்டு நாள் குடு. மனசைத் தயார் பண்ணிக்கிடுறேன்."

சோலைக்கண்ணு கொடுத்தார். பத்தொன்பது வருஷம் கொடுத்தவருக்கு இரண்டு நாள் என்ன. அந்த இரண்டு நாளில் செல்லக்கனி டீக்கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் பெஞ்சில் படுத்துவிட்டாள். வந்தவர்கள் தாங்களே டீ போட்டுக் குடித்தார்கள், அவளுக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். அவள் முகம் ஆலைத்தூளின் நிறத்துக்கு வந்துவிட்டது. டாக்டர் தையல் போட்டார், நூல் பிரிந்தது, மறுபடி போட்டார், மறுபடி பிரிந்தது. ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோகலாம் என்றார்கள், தூக்கினால் ரத்தம் அதிகமாகப் போனது. சோலைக்கண்ணு பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சட்டைப்பையில் துண்டு இருந்தது. இன்னும் ஒரே ஒரு நாள், தாயி, என்று மனசுக்குள் சொன்னார். அவள் கண்ணைத் திறந்து பார்த்து, "நீங்க சாப்டீங்களா அண்ணாச்சி?" என்றாள்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஊர் பேரூராட்சி அலுவலகத்தின் முன்னால் கூடியது. குழிக்கரையில் இருந்தவர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் வந்தார்கள். செல்லக்கனி கிடந்த பெஞ்சைச் சாலையைத் தாண்டி வாசலுக்கே நகர்த்தி வைத்திருந்தார்கள், தலைவர் ஏதோ வழி சொல்லப்போகிறார் என்று பேச்சு. மேஜை மேல் கடைசித் தாள் இருந்தது, அன்று காலையில் சோலைக்கண்ணு கொடுத்த துண்டை எஸ்தர் அதன் கீழே பசை போட்டு ஒட்டிப் பிடித்திருந்தாள், நீலக் கையெழுத்தின் உடலும் வாலும் சேர்ந்திருந்தன. கையை எடுத்தால் பசை விட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பக்கத்தில் ஸ்க்ரிப்ட் காத்துக்கொண்டிருந்தது, திரையில் சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. தவசிலிங்கம் சலவை வேட்டி கட்டி வந்தான். பேனாவைத் திறந்தான். எழுதுவதற்கு முன்னால் ஊருக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றான்.

நன்றாகத்தான் பேசினான். சுண்ணாம்புக்கல் மட்டும் கிடந்த பொட்டலில் இந்த ஊர் எப்படி வந்தது என்று ஆரம்பித்தான். ஆலை வந்ததைச் சொன்னான், ஆலைக்கு உழைத்து இருமிச் செத்தவர்களைச் சொன்னான், ஒவ்வொருவர் பேரும் சொன்னான், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மனிதன் என்றால் தவறு வரும் என்றான், அவசரத்தில் வரும், பாசத்தில் வரும் என்றான். அந்தச் சொல் அவன் நாக்கின் நுனி வரைக்கும் வருவதைச் சோலைக்கண்ணு பார்த்தார். வந்து, திரும்பி, இன்னொரு வாக்கியத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. வெயில் ஏறியது. பெஞ்சின் கால் வழியே ஒரு சிவப்புக் கோடு இறங்கித் தூளில் ஊறுவதையும் அவர் பார்த்தார். செல்லக்கனியின் கை பெஞ்சிலிருந்து நழுவித் தொங்கியது.

"லிங்கம், எழுது," என்றார் சோலைக்கண்ணு.

"எழுதத்தான் போறேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால இந்த ஊர்ல..." என்று நிறுத்தி, தவசிலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டான். தண்ணீர் கேட்டான்.

"கை சில்லுனு ஆயிருச்சு!" என்று பெஞ்சுப் பக்கத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

சோலைக்கண்ணு பேனாவைப் பிடுங்கினார். ஐந்தாம் வகுப்பு எழுத்தில், பெரிது பெரிதாக, இது என்னால் விட்டுப்போனது என்று எழுதி, அதன் கீழே தன் பேரைப் போட்டார். தீனதயாளன் ஓடிவந்து பார்த்து, "செல்லும்," என்றார், அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எஸ்தர் சோலைக்கண்ணுவை ஒரு கணம் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பெஞ்சைப் பார்த்துவிட்டு அந்த இரண்டு எழுத்தை அடித்தாள். அவை நின்றன. ஸ்க்ரிப்டை ஓட விட்டாள்.

நூற்றுப் பன்னிரண்டாவது வரி வந்ததும் ஊர் முழுக்க ஒரே சத்தம் கேட்டது. அத்தனை கதவும் ஜன்னலும் டின்னும் இழுப்பறையும் பெட்டியும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்ட சத்தம், பெரிய மிருகம் ஒன்று பல்லைக் கடித்ததுபோல. குடைகள் தலைக்கு மேல் மடங்கின. அம்மனின் திரை விழுந்தது. குழிக்கரையில் மண் தானாகச் சரிந்து இறங்கியது, அங்கிருந்த இரண்டு பேரும் அப்போதுதான் அழுதார்கள். செல்லக்கனியின் உள்ளங்கை ஒரு கோடாகி, கோடும் மறைந்து, ரேகைகளில் ஒன்றாயிற்று. தண்ணீர் குடித்து முடித்த தவசிலிங்கமும் வாயை மூடிக்கொண்டான்.

பிறகு ஊர் மேஜையைச் சுற்றிக்கொண்டு தாளைப் படித்தது. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. "நான் முதல் நாளே சொல்லல?" என்றார் குடைக்காரர். எஸ்தர், "அவரு இல்லங்க, கையெழுத்தைப் பாருங்க, வரிக்கு மேல கையெழுத்து இருக்கு பாருங்க," என்று எத்தனையோ சொன்னாள். வெளியூர்ப் பெண், மெஷின்காரி, அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மத்தியான வெயிலில் போய்விட்டாள். லினக்ஸ் நன்றாக வேலை செய்தது. அதில் முதலாவதாகப் பதிவானது சங்கிலிக் கிழவரின் சாவு.

நாலு நாளில் செல்லக்கனி எழுந்து கடைக்கு வந்தாள். டீயைக் கொண்டுவந்து வைத்தாள், போகாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, இத்தனை நாளும் அந்தத் துண்டு உங்க பையிலயா இருந்துச்சு?"

சோலைக்கண்ணு ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் தன் கையைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து டீயை வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் தவசிலிங்கம் எழுந்து, காவலாளி சோலைக்கண்ணுவின் கவனக்குறைவால் ஊருக்கு நேர்ந்த துன்பத்தை இந்த மன்றம் அறியும் என்றான். ஆனாலும் அவர் ஏழை, வயதானவர், என் பழைய கூட்டாளி, ஆகவே மன்றம் அவரை மன்னித்து வேலையில் தொடர அனுமதிக்கிறது என்றான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லாரும் கைதட்டினார்கள். தலைவரின் பெருந்தன்மையைப் பற்றி இரண்டு பேர் பேசினார்கள். நன்றி சொல்லுவார் என்று எல்லா முகமும் ஸ்டூலின் பக்கம் திரும்பியது. சோலைக்கண்ணு சொல்லவில்லை, அதையும் ஊர் குறித்துக்கொண்டது.

கூட்டம் கலைந்தபிறகு தவசிலிங்கம் தன் அறைக்குப் போகிற வழியில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றான். புதுச்சாயம் போட்ட தலை மினுங்கியது.

"சொல்லத்தான் எந்திரிச்சேன் சோலை. ஆத்தா சத்தியமா. நீதான் முந்திக்கிட்ட."

"இப்பச் சொல்லு. அந்தா, இன்னும் வாசல்லதான் நாலு பேர் நிக்காங்க."

தவசிலிங்கம் வாசலைப் பார்த்தான். நாலு பேர் நின்றார்கள், பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் இவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். தவசிலிங்கமும் கும்பிட்டான்.

"எல்லாம் முடிஞ்சு அடங்கிப்போச்சு. விடுய்யா," என்று தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனான். கதவைச் சாத்தினான். அது மூடிக்கொண்டது.

சோலைக்கண்ணு எழுந்து கதவுக்கு நேரே போய் நின்றார்.

"நீ சொல்ல வேண்டியது இப்ப ரெண்டு ஆச்சு லிங்கம்," என்றார்.

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டு, நின்றது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.